சென்ற மாத விலை

காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. நேரத்தைச் சரியாகச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் நேரம் எழுதுவதுதான் என் வேலை. பேருந்துப் பணிமனையின் வாசலில் ஒரு கூண்டு இருக்கிறது. உள்ளே வரும் வண்டி, வெளியே போகும் வண்டி எல்லாவற்றையும் அங்கே உட்கார்ந்து குறிப்பேன். பதினேழாம் தட வண்டி ஒன்பது நிமிடம் தாமதம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மறுமுனையில் அக்கா மாத்திரை வாங்கும் மருந்துக்கடைக்காரர்.

"சார், விலையக்காவோட தம்பிதானே? அக்கா நம்ம கடை வாசல்ல விழுந்துட்டாங்க. வண்டியில ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். நீங்க போங்க."

"பேசுறாங்களா?"

"சீக்கிரம் போங்க சார்" என்று மட்டும் இன்னொரு முறை சொன்னார்.

ஆஸ்பத்திரிப் படியேறும்போது காவலாளியின் வானொலியில் பதினொரு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நாட்டின் ஆண்டுப் பணவீக்கம் ஒன்பது புள்ளி ஒன்றிலிருந்து எட்டு புள்ளி ஆறு சதவீதமாகக் குறைந்துவிட்டதாம். மக்களின் வாங்கும் சக்தி மெல்ல மீண்டு வருகிறதாம். காவலாளி என்னைப் பார்த்து, "குறைஞ்சிடுச்சாம் சார், கேட்டீங்களா? வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்ட சொல்லணும், அவளுக்கு இன்னும் தெரியாது" என்றார். உள்ளே அக்காவின் முகத்தையும் மூடித் துணியை இழுத்துவிட்டிருந்தார்கள்.

அந்த எண் என் அக்கா செய்த வேலை. அவளும் அவளைப் போன்ற இருநூறு பேரும் கடை கடையாக நடந்து எழுதிக் கொடுப்பதைக் கூட்டிப் பெருக்கித்தான் அது பிறக்கிறது. முப்பத்தொரு வருடம் நடந்தாள். கடைசி எட்டு மாதமாக அந்த எண்ணில் அவள் இல்லை. எடுத்துவிட்டிருந்தார்கள். அது எப்படி நடந்தது என்பதை ஒருவராவது முறையாக எழுதிவைக்க வேண்டும்.

அக்காவின் பதவிக்கு அலுவலகத்தில் விலைச் சேகரிப்பாளர் என்று பெயர். கடைத்தெருவில் விலையக்கா. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அதே ஐந்து கடைகள், அதே நாற்பத்தொரு பொருட்கள். சோப்பு என்றால் ஏதோ ஒரு சோப்பு அல்ல. இன்ன நிறுவனம், பச்சை உறை, நூற்றிருபத்தைந்து கிராம். உறை அப்படியே இருக்க எடை மட்டும் நூறாகிவிடும் மாதங்கள் உண்டு. அதற்காகவே கைப்பையில் ஒரு சின்ன கொக்கித் தராசு வைத்திருப்பாள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே மளிகைக்காரர் குரல் கொடுப்பார்: "விலையக்கா வந்தாச்சு, பிரெட்டெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிங்க."

"நீங்க முதல்ல உங்க தொப்பையை இழுத்துப் பிடிங்க. ஊர்ல இளைக்காத பொருள் அது ஒண்ணுதான்" என்பாள் அக்கா.

கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது போல எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் கவிழ்த்து அடியில் விலை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கம். அவள் மகள் பிறந்தபோது, வலியெல்லாம் ஓய்ந்து கண் திறந்தவள் செவிலியிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பஞ்சு உருண்டை என்ன விலைக்கு வாங்குறீங்க?" என்பதுதான். அவள் கணவர், என் மாமா, இதை வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லுவார். "பிள்ளையை என் கையில குடுத்துட்டாங்க, பஞ்சை அவ கையில குடுத்துட்டாங்க." மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். மூட்டு தேய்ந்து நாலு வருடமாக வீட்டில்தான் இருக்கிறார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீடு அக்காவின் சம்பளத்தில் ஓடியது.

எங்கள் பணிமனையில் எல்லாருடைய சம்பளமும் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுப் பணவீக்கம் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் கூட்டித் தருவார்கள். அதனால் ஓட்டுநர்களுக்கு என் அக்காவைப் பார்க்காமலேயே தெரியும். அறிவிப்பு வரும் நாளில் என் கூண்டைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியும் கொஞ்சம் நிற்கும்.

"என்ன சார், உங்க அக்கா எந்த நாட்டுக் கடைக்குப் போறாங்க? அட்ரஸ் குடுத்தா நாங்களும் போவோம்ல?"

"ஏற்கனவே ஒன்பதரை, இப்ப ஒன்பதாம். விலை குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா சார்?"

இந்தக் கேள்வியை ஒரு நாள் அக்காவிடமே கொண்டுபோனேன். அவள் சிரித்தாள். "உன் வண்டி எண்பதுல போயிட்டு எழுபதுல போனா, புறப்பட்ட ஊருக்குத் திரும்பி வந்துடுமா? மெதுவா போகுது, அவ்வளவுதான். ஆனா இன்னும் தூரமாத்தான் போகுது. விலை குறையலடா. ஏறுற வேகம் குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "சொல்றாங்க" என்று மறுபடியும் சொன்னாள். அந்தச் சொல்லில் ஏதோ இருந்தது. நான் அப்போது கவனிக்கவில்லை.

அது என்னவென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரியவைத்தாள். அதற்கு முந்தைய ஆண்டு அரசாங்கம் ஒன்பது பொருட்களுக்கு உச்ச விலை கட்டியிருந்தது. எண்ணெய், பால் மாவு, சலவை சோப்பு, ரத்த அழுத்த மாத்திரை, இன்னும் சில. கட்டிய விலைக்கு மேல் விற்றால் உரிமம் பறிபோகும். ஆனால் மொத்த வியாபாரியே அதைவிட இரண்டு மடங்குக்குத்தான் கொடுக்கிறான். ஆகவே ஒவ்வொரு கடையிலும் சுவரில் விலைப்பலகை தொங்கியது, அலமாரி காலியாக இருந்தது. "சரக்கு இல்லை." சரக்கெல்லாம் பின்கட்டில் இருந்தது. தெரிந்த முகத்துக்கு மட்டும், பலகையில் இல்லாத விலைக்கு.

அக்காவின் படிவத்தில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. பட்டியல் கடையில் பொருள் கிடைக்காவிட்டால் விலைக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும். அலுவலகத்தில் அந்த இடத்தில் சென்ற மாத விலையையே போட்டுக்கொள்வார்கள். ஏதோ ஒரு மாதம் சோப்பு வராமல் போனால் கணக்கு நின்றுவிடக் கூடாதே என்று நல்ல எண்ணத்தில் யாரோ செய்த விதி. இப்போது ஒன்பது பொருட்கள் ஏழு மாதமாக 'இல்லை'. ஏழு மாதமும் சென்ற மாத விலை. சென்ற மாதத்துக்கும் சென்ற மாத விலை. விலை ஏற ஏறச் சரக்கு ஒளிகிறது. சரக்கு ஒளிய ஒளிய விலை ஏறவில்லை என்று கணக்கு சொல்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்போமே, இங்கே சோற்றையும் சேர்த்து மறைத்துவிட்டார்கள்.

அக்கா ஒரு தாளில் போட்டுக் காட்டினாள். போன வருடம் நூறுக்கு வாங்கியதை இந்த வருடம் வாங்க நூற்று ஒன்பது வேண்டும் என்கிறது அலுவலகம். பின்கட்டு விலையைப் போட்டால் நூற்று முப்பத்தொன்று. "உனக்கு ஒன்பது கூட்டிக் குடுத்தாங்க. செலவு முப்பத்தொண்ணு கூடியிருக்கு. போன வருஷம் உன் சம்பளம் நூறு பொருள் வாங்குச்சுன்னா இப்ப எண்பத்து மூணுதான் வாங்கும். பதினேழு பொருளை உன் பையிலேர்ந்து எடுத்துட்டாங்க. ரசீதும் உன் கையில குடுத்துட்டாங்க, சம்பள உயர்வுன்னு பேர் போட்டு."

"யாரு எடுத்தா?"

"நான்தான்" என்றாள். "நான் எழுதின 'இல்லை'தான் எடுத்துச்சு."

மாமா வாசலை ஒட்டிய நாற்காலியில் இருந்தபடியே, "விடும்மா. ஊருக்கே தெரிஞ்ச விஷயம். நீ எழுதினாதான் எண்ணெய் விலை தெரியப்போகுதா?" என்றார்.

"ஊருக்குத் தெரியும். எண்ணுக்குத் தெரியாதுங்க. சம்பளம் போடுறது ஊரைக் கேட்டு இல்ல, எண்ணைக் கேட்டு."

"ஓய்வுக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?"

"இருபது மாசம்."

"அதை நெனச்சுக்கிட்டு எழுது."

அடுத்த செவ்வாய் அவள் மருந்துக்கடைக்குப் போனாள். அவள் பட்டியலில் முப்பத்தேழாவது பொருள் ரத்த அழுத்த மாத்திரை, பத்து கொண்ட அட்டை. அதே மாத்திரையை ஆறு வருடமாக அவளும் தினம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தாள். அதே கடையில்தான் வாங்குவாள். பலகையில் அட்டை நூற்று நாற்பது. கீழ் இழுப்பறையில் முந்நூற்றைம்பது.

"என்னைத் திட்டாதீங்கக்கா" என்பாராம் கடைக்காரர். "நானே முந்நூறுக்கு எடுக்கிறேன். நூத்தி நாற்பதுக்கு வித்தா, மாத்திரைக்கு அப்புறம் கடையை விக்கணும், அதுக்கப்புறம் என்னை விக்கணும். என்னை யார் வாங்குவா?"

அவர் கெட்டவர் இல்லை. மருந்துக்கடைக்காரர்களுக்கே உரிய ஒரு பழக்கம்தான் அன்றைக்கு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. மருந்து கொடுத்தால் டாக்டர் சீட்டின் பின்னால் எத்தனை அட்டை, என்ன தொகை, என்ன தேதி என்று எழுதி முத்திரை குத்துவார்கள். இருபது வருடக் கை. யோசிக்காமல் தொகையையும் எழுதிக் குத்திவிட்டார்: மூன்று அட்டை, ஆயிரத்து ஐம்பது. பின்கட்டு விலைக்கு ரசீது கிடையாது; அட்டைக் கணக்கும் தேதியும் மட்டும் எழுதித் தொகையை விட்டுவிடுவார். ஏழு மாதத்தில் முதல் முறையாக அக்காவின் கையில் ஒரு ரசீது வந்துவிட்டது.

அவள் முப்பத்தேழாவது வரியில் 'இல்லை' எழுதவில்லை. முந்நூற்றைம்பது என்று எழுதினாள். அந்தச் சீட்டைப் பிரதி எடுத்துப் படிவத்தோடு இணைத்தாள். அவளுடைய சொந்தச் சீட்டு, மேலே அவளுடைய பெயரும் வயதும். முப்பத்தொரு வருட அனுபவத்தில் அவள் செய்த ஒரே தவறு அது. ஆதாரம் இருந்தால் போதும் என்று நினைத்தாள். யாருடைய ஆதாரம் என்று பார்ப்பார்கள் என அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து நாளில் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. விசாரணைக்கு வீட்டார் ஒருவரை அழைத்து வரலாம் என்று அதில் இருந்ததால் நான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் பிரிவுத் தலைவர். அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எந்தக் கடைக்காரர் பொய் சொல்வார், எவர் சொல்ல மாட்டார் என்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்தான். எங்களை உட்காரச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார். மரியாதைக்குக் குறைவில்லை.

"மேடம், விதி உங்களுக்குத் தெரியும். பலகையில இல்லாத விலை விலையே இல்ல. நீங்க எழுதியிருக்கிறது ஒரு குற்றம். குற்றத்தைப் போலீஸ் எழுதட்டும். நாம விலையை எழுதுவோம்."

"சரி சார். போலீஸ் எழுதின குற்றத்தைப் பார்த்து யாருக்காவது சம்பளம் கூட்டுவாங்களா?"

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "அதை விடுங்க. இது உங்க சொந்த மருந்துச் சீட்டு. நீங்க சாப்பிடுற மாத்திரையோட விலையை நீங்களே ஏத்தி எழுதியிருக்கீங்க. இதுக்குச் சொந்த நலன்னு பேர்."

"நான் சோப்பும்தான் போட்டுக் குளிக்கிறேன் சார். முப்பத்தொரு வருஷமா அதோட விலையையும் நான்தான் எழுதுறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என் காலை மிதித்தாள். பிறகு அவளே ஒரு கேள்வி கேட்டாள், குரலைத் தாழ்த்தி, வீட்டு விஷயம் விசாரிப்பது போல: "உங்கம்மாவுக்கும் இதே மாத்திரைதானே சார்? நீங்க என்ன விலைக்கு வாங்குறீங்க?"

"எங்கம்மாவை இங்க இழுக்க வேண்டாம்" என்றார். அன்று அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு முறைதான்.

மருந்துக்கடைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, அக்கா பக்கம் திரும்பாமல் நின்றார். "அந்த ஆயிரத்து ஐம்பது மாத்திரைக்கு மட்டும் இல்லைங்க சார். டானிக்கும் சேர்த்து. டானிக்கை எழுத மறந்துட்டேன். நம்ம கடையில அந்த மாத்திரை ஏழு மாசமாவே இல்லைங்க."

வெளியே படிக்கட்டில் அவர் காத்திருந்தார். "அக்கா, லைசென்ஸ் போச்சுன்னா நாலு பேருக்குச் சோறு போச்சு. உங்க கண்ணைப் பார்க்க முடியல."

"பார்க்க வேண்டாம். மூணு அட்டை எடுத்து வைங்க, வெள்ளிக்கிழமை வரேன். அந்த டானிக்கையும் குடுங்க. காசு கட்டியிருக்கேன்ல?"

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா, "அவன் பயந்தான்டா. பயப்படுறதுக்கு அவனுக்குக் காரணம் இருக்கு. மின்விசிறியைக் கூட்டி வச்சாரே, அவருக்கு என்ன காரணம்?" என்றாள்.

தண்டனை: இரண்டு ஆண்டு உயர்வு வெட்டு. கள வேலையிலிருந்து நீக்கம். முந்நூற்றைம்பதை அடித்து நூற்று நாற்பது போட்டார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் அந்த மாத்திரையின் விலை காலணா ஏறவில்லை என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைப் பார்த்தேன். நல்ல வழவழப்பான தாளில், கோடு போட்டு, அடிக்குறிப்பு எல்லாம் வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தார்கள். ஏட்டு விலை எத்தனை வீட்டில் அடுப்பை அணைக்கும் என்பதை யாரும் சொல்லிவைக்கவில்லை.

அக்காவைச் சரிபார்ப்பு அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. மற்ற சேகரிப்பாளர்களின் படிவங்கள் வரும். 'இல்லை' என்று இருக்கிற கட்டங்களில் ஒரு ரப்பர் முத்திரை குத்த வேண்டும். செ.மா.வி. சென்ற மாத விலை. நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு முறை. யாரும் வேண்டுமென்றே அவளை அங்கே போட்டிருக்க மாட்டார்கள் என்றார் மாமா. நான் அப்படி நினைக்கவில்லை.

"எப்படிக்கா இருக்கு புது வேலை?" என்று கேட்டேன்.

"சாமிக்கு அர்ச்சனை பண்றேன். செமாவி சாமி. எந்தப் பொருளும் ஏறாம காப்பாத்துற சாமி" என்றாள். கட்டைவிரலில் மை ஏறியிருந்தது.

இரண்டாவது செவ்வாய் வந்தால் மட்டும் விடுப்பு எடுத்துக்கொள்வாள். பழைய படிவத்தில் மிச்சமிருந்த தாள்களோடு அதே ஐந்து கடைகளுக்குப் போவாள். தன் பணத்தில் பேருந்துச் சீட்டு, தன் விடுப்பில் வெயில். "இப்ப யார் கேக்கிறா இதையெல்லாம்?" என்று சண்டை போட்டேன். "இந்தச் செவ்வாய் நடந்தே பழகின காலு. உட்காருன்னா உட்காருமா?" என்று மழுப்பினாள். பிறகு, "யாரும் கேக்கலன்னா எழுதாம விட்டுடுறதா? நாளைக்கு ஒருத்தன் வந்து அந்த வருஷம் ஜனங்க எப்படிச் சாப்பிட்டாங்கன்னு கேட்டா, அந்த வழவழப்புப் புத்தகத்தையா காட்டுறது?" என்றாள். புதிதாக நியமிக்கப்பட்ட சேகரிப்பாளர் பெண் காலையில் வந்து 'இல்லை' எழுதிவிட்டுப் போவாளாம். அக்கா மதியம் போய் உள்ளதை எழுதுவாள். இரண்டு பேரும் ஒரு முறை மளிகைக் கடையில் சந்தித்தார்கள். அந்தப் பெண் அக்காவின் தாளைப் பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாளாம்.

அன்றைக்கும் இரண்டாவது செவ்வாய்தான். காலையிலேயே கிளம்பியிருக்கிறாள். நாலு கடை முடித்து, ஐந்தாவதாக மருந்துக்கடைப் படியில் கால் வைக்கும்போது விழுந்தாள்.

மூளையில் ரத்தக் கசிவு என்றார் டாக்டர். சின்ன வயதுப் பையன், தூக்கமில்லாத கண். "பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. மாத்திரை ஒழுங்கா போட்டுக்கிட்டாங்களா?"

"ஒரு நாள் தவறினதில்ல டாக்டர்" என்றேன். அது உண்மை. சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் டம்ளரோடு அவள் நின்று விழுங்குவதை நூறு முறை பார்த்திருக்கிறேன். மாமாவும் தலையாட்டினார். டாக்டர் நம்பாதவர் போல எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் அலுவலகத்திலிருந்து பிரிவுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கோப்பைத் திறந்தார். விடுப்பில் இருக்கும்போது இறந்ததால், பணியில் இறந்தவருக்குத் தரும் தொகை வராது. குடும்ப ஓய்வூதியம், வெட்டிய சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படும். ஆனால் ஆண்டுதோறும் பணவீக்க விகிதத்துக்கு ஏற்ப அது உயரும் என்று ஆறுதலாகச் சொன்னார். "இந்த வருஷம் எட்டு புள்ளி ஆறு."

மாமா, "சரிங்க" என்றார். என் அக்காவின் கணவர் அந்த எண்ணுக்குத் தலையாட்டியதை என்னால் பொறுக்க முடியவில்லை. தலைவரோடு வாசல் வரை போனேன்.

"சார், அவ கேட்ட கேள்விக்கு நீங்க பதில் சொல்லவே இல்ல."

"எந்தக் கேள்வி?"

"உங்கம்மா மாத்திரை. அட்டை என்ன விலைக்கு வாங்குறீங்க?"

அவர் செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்தார். இன்னொரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றார். தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். "போன வாரம் முந்நூத்தி எண்பது" என்றார்.

"அதை எங்கயாவது எழுதினீங்களா?"

"எங்க எழுத முடியும்?" என்றார். இந்தக் கேள்விக்கு நிஜமாகவே பதில் தெரியாதவர் போலக் கேட்டார். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு போனார். அவரை அடிக்காமல் விட்டதற்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அடித்திருந்தாலும் மன்னித்திருக்க மாட்டேன். அவரும் அம்மாவுக்கு மருந்து வாங்குகிற பிள்ளைதான். தான் கொடுக்கிற விலை இல்லவே இல்லை என்று தானே கையெழுத்திடுகிறார். அந்த எண் அப்படித்தான் செய்யப்படுகிறது. தான் கையில் பிடித்திருப்பது கையில் இல்லை என்று எழுதத் தயாராக நிறையப் பேர் வேண்டும். ஒருத்தி மறுத்தால் அவளை முத்திரை குத்தும் அறைக்கு மாற்றிவிட்டால் போதும். வானொலியில் நல்ல குரலில் ஒருவர் வாங்கும் சக்தி மீள்கிறது என்று படிப்பார்.

ஓய்வூதிய விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்றுகளும் வேண்டும் என்று தலைவர் ஒரு பட்டியல் விட்டுப் போயிருந்தார். மாமாவால் குனிய முடியாது. அக்காவின் சீட்டுகள் சமையலறை அலமாரியின் மேல் தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கும் என்று சொன்னார். எடுத்துத் திறந்தேன். மேலே சீட்டுகள், தேதிவாரியாக, ரப்பர் வளையம் போட்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் மருந்துக்கடை முத்திரை. விசாரணைக்கு முந்தைய சீட்டுகளில் மாதம் மூன்று அட்டை. அதன் பிறகு, தொகை இல்லாமல் அட்டைக் கணக்கு மட்டும் எழுதிய முத்திரைகள். இரண்டு அட்டை, ஒன்றரை அட்டை, ஒன்றரை அட்டை.

அவற்றுக்கு அடியில் நாலாக மடித்த செய்தித்தாளில் ஒரு சவர பிளேடும் ஓர் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த பத்து மாத்திரைகளும் இருந்தன. ஆறு மாத்திரைகளைச் சரிபாதியாக வெட்டியிருந்தாள். மீதி நாலு வெட்டாமல் இருந்தன.